ஹாலுக்கு எந்த கார்ப்பெட்? நிறம் பார்க்கும் முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

கார்ப்பெட் கடையில் நாம் பார்ப்பது நிறம், டிசைன், விலை. கடைக்காரர் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துப் போட்டு, "கை வச்சுப் பாருங்க, எவ்வளவு சாஃப்ட்டுன்னு" என்பார். இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டால், "வேக்குவம் போட்டாப் போதும், அழுக்கே பிடிக்காது" என்று பதில் வரும். நம் வீடுகளில் அது நடக்காத காரியம். டைல்ஸ் தரையைத் தினமும் ஈரமாகத் துடைக்கிறோம், மாப் போகிற போக்கில் கார்ப்பெட் ஓரமும் நனையும். பாதி வீடுகளில் டிபன் சாப்பிடுவது டிவி முன்னால்தான். கைக்குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு இழையையும் ஒரே கேள்வியோடு அணுகலாம். இதில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும், நம் வீட்டில் இது காயுமா? மென்மை, ஆயுள், அழகு எல்லாம் அப்புறம். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் கடலோர ஊருக்கும் பருத்தி ஜமக்காளம் அல்லது பாலிப்ரொப்பிலின். கம்பளி நல்ல பொருள்தான், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டும். "ஆர்ட் சில்க்" கார்ப்பெட்டை எந்த வீட்டு ஹாலுக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தண்ணீரைக் குடிக்காதவை

கடைகளில் நடுத்தர விலையில் குவிந்திருப்பதில் பெரும்பங்கு பாலிப்ரொப்பிலின். லேபிளில் "பிபி" என்றோ "ஹீட்செட்" என்றோ போட்டிருக்கும். துருக்கியிலிருந்து, குறிப்பாக காஸியான்டெப் நகரத்து மில்களிலிருந்து, பாரசீக டிசைனில் வருபவற்றில் நிறைய இந்த ரகம்தான். இது தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக், தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. நூலாக்கிய பிறகு சாயம் ஏற்றுவதில்லை. பிளாஸ்டிக்கை உருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால் காபி கொட்டினால் கறை இழைக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். வேறெதற்கும் அசையாத கறையை, நீர்த்த ப்ளீச் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துடைத்து எடுக்கலாம். மற்ற கார்ப்பெட்டில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

குறைகளும் உண்டு. எண்ணெய் என்றால் இந்த இழைக்கு அப்படி ஒரு பாசம். வடை எண்ணெயும் நெய்யும் பாதத்து எண்ணெய்ப் பசையும் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் தூசி படிந்து, நடைபாதை மாதிரி கறுப்புத் தடம் விழும். சோபா கால் அழுத்திய இடம் நிமிராது. சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், கனமான மேசையை அதன் மேல் இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளவென்று ஒரு கோடு விழலாம். அந்தக் கோடு போகாது.

நைலான் இதற்கு அண்ணன். 1935ல் அமெரிக்க நிறுவனமான டூபான்ட்டின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய இழை. மிதித்தாலும் மறுபடி நிமிர்ந்து நிற்பதில் செயற்கை இழைகளில் இதை மிஞ்ச ஆளில்லை. அலுவலகங்களில் சதுரம் சதுரமாக ஒட்டியிருக்கும் கார்ப்பெட் டைல்களில் இது நிறைய. ஆனால் சாயத்தை நன்றாக ஏற்கும் இழை என்பதால் கறையையும் ஏற்கும். ஜூஸ், குளிர்பானம் கொட்டினால் உடனே எடுக்க வேண்டும்.

பாலியஸ்டர்தான் அந்தப் புசுபுசு "ஷாகி" கார்ப்பெட். தொட்டால் சுகம், விலையும் குறைவு. தண்ணீருக்குப் பயமில்லை, எண்ணெய்க்குப் பயம், கொஞ்ச நாளில் அமுங்கிவிடும். நீள இழைக்குள் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்து காய்ந்தால் அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். படுக்கையறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கம்பளி

கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நல்லது கெட்டது இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆட்டின் கொழுப்புப் பசை கொஞ்சம் இழையில் மிச்சமிருப்பதால், கொட்டிய திரவம் உடனே இறங்காமல் சில நொடி முத்து முத்தாக நிற்கும். துணி எடுத்து ஒற்ற அவகாசம் கிடைக்கும். அழுக்கு இருந்தாலும் வெளியே தெரியாது. சுலபத்தில் தீப்பிடிக்காது, பற்றினாலும் தானே அணைந்துவிடும். விளக்கும் ஊதுபத்தியும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாத அளவுக்கு உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வீட்டில் கம்பளியிலிருந்து வரும் ஈரநாய் வாடை இதனால்தான்.

அடுத்த எதிரி நம் வீட்டு சோப்புத்தூள். சாதாரணச் சலவைத்தூள் காரத்தன்மை உள்ளது. போதாததற்குப் பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் சேர்த்திருப்பார்கள். கம்பளியே புரதம் என்னும்போது அது கறையை மட்டும் தின்றுவிட்டு நிற்குமா? ப்ளீச் இன்னும் மோசம். ஒரு துண்டுக் கம்பளி நூலை ப்ளீச் திரவத்தில் ஊறப்போட்டால் நூலே கரைந்துவிடும். கம்பளிக்கு ஸ்வெட்டர் துவைக்க விற்கும் திரவ சோப்பு மட்டும், அதுவும் குளிர்ந்த தண்ணீரில்.

அப்புறம் அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி கார்ப்பெட்டைத் தின்பதில்லை. அதன் புழுதான் தின்னும். பூச்சி யாரும் தொடாத இருட்டில், அதாவது சோபாவுக்கு அடியில், முட்டையிடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், சோபாவை நகர்த்தினால் வட்டமாக மொட்டை விழுந்திருக்கும். திறந்த ஹாலில் நாலு அந்துருண்டை போட்டு வைப்பதில் பிரயோஜனமில்லை, அதன் ஆவி மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும். சில மாதத்துக்கு ஒருமுறை கார்ப்பெட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமும் வேக்குவம் போட்டு, சோபாவின் இடத்தை மாற்றுவதுதான் வழி. புதுக் கம்பளி சில மாதம் பஞ்சு உதிர்க்கும். அது குறையல்ல, பயந்து கடைக்கு ஓட வேண்டாம்.

மூலையைத் திருப்பிப் பாருங்கள்

இழையைவிட முக்கியமானது பின்பக்கம். உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கமிருந்து வரும் கம்பளங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டது. இன்னொன்று "ஹேண்ட் டஃப்டட்": துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால், இழுத்துக் கட்டிய துணியில் நூலைக் குத்திக் குத்தி ஏற்றி, பின்னால் லேடெக்ஸ் என்ற ரப்பர் பசை பூசி, பசை தெரியாமல் இன்னொரு துணி ஒட்டியது. இரண்டையும் "கைவேலை" என்றுதான் விற்பார்கள், பொய்யும் இல்லை. ஆனால் வாழ்நாள் வேறு.

கடையில் ஒரு மூலையைத் திருப்புங்கள். முன்பக்க டிசைன் அப்படியே முடிச்சு முடிச்சாகப் பின்னாலும் தெரிந்தால், ஓரக் குஞ்சம் உள்ளே நீளவாக்கில் ஓடும் பாவுநூலின் தொடர்ச்சியாகவே இருந்தால், முடிச்சுப் போட்டது. வெறும் துணி வழவழவென்று ஒட்டியிருந்தால் டஃப்டட். டஃப்டட் கார்ப்பெட்டை நனைத்துத் துவைக்கக் கூடாது, பசை விட்டுப்போகும். மடித்து வைத்தாலும் விரிசல் விடும். நனைக்காமலே வைத்திருந்தாலும் சில வருடத்தில் லேடெக்ஸ் காய்ந்து நொறுங்கி, கார்ப்பெட்டைத் தூக்கினால் தரையில் மாவு கொட்டியது போல வெள்ளைத் தூளாகக் கிடக்கும். மேலே இருப்பது முதல் தரக் கம்பளியானாலும் ஆயுளை முடிவு செய்வது அந்தப் பசைதான். முடிச்சுக் கம்பளத்தைத் தெரிந்தவர் தண்ணீரில் முக்கியே கழுவுவார், அது பல பத்தாண்டு வரும்.

மெஷின் கார்ப்பெட்டிலும் பின்னால் சணல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் பாலிப்ரொப்பிலின் என்று தைரியமாகத் தண்ணீரை ஊற்றினால், அடியில் இருக்கும் சணல் ஊறி, அதன் பழுப்பு மேலே ஏறிவிடும்.

பட்டு, பட்டு மாதிரி

அசல் பட்டு காஷ்மீர் முடிச்சுக் கம்பளங்களில் வரும். இப்போது அவற்றுக்குப் புவிசார் குறியீட்டோடு க்யூஆர் லேபிளும் உண்டு. அதை வாங்குகிறவருக்கு என் ஆலோசனை ஒன்றே ஒன்று: வீட்டில் நீங்களே சுத்தம் செய்யக் கை வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது "ஆர்ட் சில்க்", "பாம்பூ சில்க்", "பனானா சில்க்" என்ற பெயரில் வருபவை. பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் இழை. பார்க்க அசல் பட்டு போலவே மின்னும். நனைந்தால் இதன் வலிமை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். வெறும் தண்ணீர் கொட்டினாலே போதும், காயும்போது மஞ்சள் வளையம் விழும், இழை விறைத்துச் சப்பிப்போகும். கறையைத் தேய்த்தால் இழையே பிய்ந்து வரும். தினமும் மாப் போடுகிற வீட்டில், ஒரு தம்ளர் தண்ணீருக்குத் தாங்காத பொருளை எதற்கு வாங்க வேண்டும்? விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பருத்தி, நார், கோரை

பவானி ஜமக்காளத்தை கார்ப்பெட் பட்டியலிலேயே யாரும் சேர்ப்பதில்லை. கல்யாண மண்டபத்துப் பொருள் என்று நினைத்துவிட்டோம். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நெய்தது. நூல் தடிமன் என்பதால் நுணுக்கமான உருவங்கள் வராது, அதனால்தான் வெறும் பட்டைகள். பூ, உருவம் வேண்டுமென்று பின்னால் செயற்கைப் பட்டுநூல் கரை வைத்த ரகம் வந்தது. 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டியவை என்று 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் போட்ட பட்டியலில் ஜமக்காளம் இருந்தும், விசைத்தறியில் நெய்த வெளியூர்ச் சரக்கு பவானி பெயரில் விற்கப்படுகிறது. கோ-ஆப்டெக்ஸிலோ பவானியின் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ வாங்கினால் அந்தக் குழப்பம் இல்லை.

இதில் பசையும் இல்லை, நீள இழையும் இல்லை. தூசி உள்ளே ஒளிய இடமில்லை, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்கு இது பெரிய வசதி. அழுக்கானால் மொட்டைமாடியில் போட்டுத் துவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கி, கைப்பிடிச் சுவரில் போட்டால் வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். நிழலில் காயப்போட்டால் நிறம் நிற்கும். சாயம் போகிறதா என்று முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையை அழுத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். போகிற சாயம் உப்புப் போட்டாலும் போகும், தனியாகத் துவையுங்கள். கால் புதையும் மெத்தென்ற சுகம் மட்டும் இதில் கிடைக்காது. வழுவழு டைல்ஸில் நழுவும் என்பதால் அடியில் ரப்பர் வலை விரிப்பு ஒன்று போட வேண்டும்.

சணல் விரிப்பு பார்க்க நன்றாக இருக்கும், தண்ணீர் பட்ட இடம் பழுப்பாகிவிடும், தூளும் உதிரும். ஆலப்புழைத் தேங்காய் நார் ஈரத்தை இதைவிடத் தாங்கும், ஆனால் உட்கார முடியாது, வாசலுக்குத்தான். பத்தமடைப் பாய் கோரை. ஈரத்துணியால் துடைத்து உடனே காற்றாட விட்டால் போதும். ஊறவிட்டால் பூஞ்சை.

லேபிளை நம்பாதவர்களுக்கு

ஓரத்திலிருந்து ஒரு சின்ன நூல் கொத்தை எடுத்து, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, கரி விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடையும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். "பட்டு" என்று வாங்கியது காகிதமாக எரிந்தால் விஷயம் புரிந்துவிடும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழை. அது பாலிப்ரொப்பிலினா என்று பார்க்க இன்னொரு கொத்தை ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அழுத்தி, காற்றுக்குமிழ் போனபின் விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலின். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும்.

சுத்தம் செய்வது

எந்த இழையானாலும் முதல் விதி ஒன்றுதான்: தண்ணீர் படுவதற்கு முன் தூசி போக வேண்டும். தூசியோடு நனைத்தால் சேறாகி அடியில் இறங்கும். கம்பளிக்குச் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, உறிஞ்சுவதை மட்டும் வைத்து வேக்குவம் போடுங்கள். வேக்குவம் இல்லையென்றால் ஜமக்காளத்தையும் முடிச்சுக் கம்பளத்தையும் மாடியில் உதறலாம், தட்டலாம். டஃப்டட்டைத் தட்டினால் பசை உடையும்.

கறைக்கு ஒற்றுவதுதான் வழி, தேய்ப்பதல்ல. கெட்டியானதை ஸ்பூனால் வழித்துவிட்டு, வெள்ளைத் துணியை வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். காபி, பால் என்றால் வெந்நீர் கூடாது, பால் புரதம் இறுகிவிடும். எண்ணெய் என்றால் முகப் பவுடரைத் தூவி ராத்திரி விட்டு, காலையில் வேக்குவம் போட்டு, அதன்பின் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. குழந்தையின் மூத்திரத்தை முதலில் முழுவதும் ஒற்றி எடுத்து, தண்ணீரால் ஒற்றி, கடைசியில் நீர்த்த வினிகர். காய்ந்த பிறகு வரும் அம்மோனியா நெடியை அந்த அமிலம் கட்டுப்படுத்தும்.

சாம்பார் கறை தனிக் கதை. மஞ்சள் கறையில் சோப்பு போட்டவுடன் குப்பென்று ரத்தச் சிவப்பாக மாறும். பதறி இன்னும் சோப்பு போடுவார்கள், இன்னும் சிவக்கும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், சோப்பின் காரத்தன்மை பட்டால் சிவப்பது இயல்பு. நீர்த்த வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஓரத்தில் சோதித்த பின் சானிடைசர் தொட்டு ஒற்றலாம். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தில் குர்குமின் சிதைந்துவிடும். ஜமக்காளத்தையும் பாலிப்ரொப்பிலினையும் அரை நாள் வெயிலில் போட்டால் கறை கண்ணெதிரே வெளுக்கும். கம்பளியை நேர் வெயிலில் ரொம்ப நேரம் விட வேண்டாம்.

வீடியோக்களில் சமையல் சோடாவின் மேல் வினிகரை ஊற்றி நுரை பொங்கவைப்பார்கள். ஒன்று காரம், ஒன்று அமிலம். சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது உப்புக் கலந்த தண்ணீர்தான். நுரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஷாம்பூவிலும் அளவு வேண்டும். அலசாமல் விட்ட ஷாம்பூ பிசுபிசுப்பாக நின்று புதுத் தூசியை இழுக்கும். சுத்தம் செய்த அதே இடம் இரண்டு வாரத்தில் மறுபடி கறுத்தால் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்து "ஸ்டீம் கிளீன்" செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஆவியில் அல்ல, வெந்நீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சுவது. பாலிப்ரொப்பிலின், நைலானுக்கு அருமையான முறை. அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது என்ன இழை, சாயம் போகுமா என்று சோதித்தீர்களா, எத்தனை மணி நேரத்தில் காயும்? எங்கள் குடியிருப்புக்கு வந்த ஒருவர் முதல் கேள்விக்கே "எல்லாத்துக்கும் ஒரே லிக்விட்தான் சார்" என்றார். விஸ்கோஸிலோ டஃப்டட்டிலோ அப்படிப்பட்டவரைக் கை வைக்க விடக் கூடாது.

யாருக்கு எது

வாடகை வீடு, கைக்குழந்தை, செலவு குறைவாக வேண்டும் என்றால் பாலிப்ரொப்பிலின். அதிலும் இழை குட்டையாக, பின்னால் சணல் இல்லாததாக. மாடியும் வெயிலும் துவைக்க இரண்டு ஆளும் உள்ள வீட்டுக்கு ஜமக்காளம். வயதானவர்கள் இருந்தால் அடியில் ரப்பர் வலை போட மறக்காதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு, அல்லது செருப்பும் சாப்பாடும் வராத ஒரு அறைக்குக் கம்பளி; காசு இருந்தால் சின்ன அளவானாலும் முடிச்சுப் போட்டதாக வாங்குங்கள், பெரிய டஃப்டட்டைவிட அது மேல். அலுவலக அறைக்கு நைலான் டைல். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

ஈரமான கார்ப்பெட் ஒரு நாளுக்குள் முழுதாகக் காய வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை. தரையோடு வைத்துக் காயவைக்காமல் இரண்டு நாற்காலி மேல் தூக்கிப் போட்டு ஃபேன் காற்று அடியிலும் போகும்படி விடுங்கள். பெரிய துவையலுக்கு மாசி, பங்குனி சரியான மாதம். நம் வழக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் அலசிப் போடுவது. வடகிழக்குப் பருவமழை சரியாக அப்போதுதான் வந்து நிற்கும், கிளீனிங் ஆட்களும் அப்போது கூட்டத்தில் அவசர அவசரமாகச் செய்வார்கள். புரட்டாசி தொடக்கத்தில் வெயில் இருக்கும்போதே அலசி முடித்துவிட்டு, தீபாவளிக்கு வேக்குவமும் கறை ஒற்றலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.